ஜாஸ் குறைந்த ஜாஸ் விழா: மோன்ட்ரூவின் கதை

ஒவ்வோர் ஆண்டும் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ ஜாஸ் விழாவின் நிகழ்ச்சி நிரல் வெளியானதும் ஒரே புலம்பல்தான் எழும். பேர்தான் ஜாஸ், பட்டியலில் ராக் இருக்கிறது, பாப் இருக்கிறது, ராப் இருக்கிறது, ஜாஸைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது என்பார்கள். புலம்பல் புதிதல்ல. 1970-களிலேயே தொடங்கிவிட்டது. புலம்புகிறவர்கள் சொல்வதில் பொய்யும் இல்லை.

ஆனால் அந்தப் புலம்பலுக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. ஜாஸைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய விழா, வழியில் காசுக்கு ஆசைப்பட்டுத் தடம் மாறிவிட்டது என்பது அது. வரலாறு வேறு மாதிரி. இந்த விழாவைத் தொடங்கியது ஒரு சுற்றுலா அலுவலகம். ஊருக்கு ஆள் வர வேண்டும், ஹோட்டல் அறைகள் நிரம்ப வேண்டும் என்பதுதான் முதல் கவலை. அதை நடத்தியவர் சமையல் படித்தவர். அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன: வந்தவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவார், மேடையில் நடப்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் பதிவு செய்வார். மோன்ட்ரூவை ஜாஸின் கோயிலாக நினைத்துப் பார்த்தால் அறுபது ஆண்டுச் சரிவுதான் தெரியும். ஒலிப்பதிவு வசதியுள்ள ஒரு விருந்தினர் விடுதி என்று நினைத்துப் பார்த்தால் அதே வரலாறு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஊரும் ஆளும்

மோன்ட்ரூ சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில், ஜெனிவா ஏரியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சிறிய ஊர். எதிரே ஆல்ப்ஸ் மலை. கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் காலை நனைத்தபடி நிற்கும் ஷியோன் கோட்டை. அந்தக் கோட்டையில் அடைபட்ட கைதியைப் பற்றி 1816-ல் பைரன் கவிதை எழுதிய பிறகு, ஆங்கிலேயப் பயணிகள் அங்கே குவியத் தொடங்கினார்கள். அவர்களுக்காகக் கரை நெடுகப் பெரிய ஹோட்டல்கள் முளைத்தன. ஸ்ட்ராவின்ஸ்கி தன் 'வசந்தச் சடங்கு' இசையின் பெரும்பகுதியை எழுதியது இந்த ஊரின் கிளாரன்ஸ் பகுதியில்தான். நாவலாசிரியர் நபக்கோவ் 1961-ல் வந்து மோன்ட்ரூ பாலஸ் ஹோட்டலில் அறை எடுத்தவர், 1977-ல் சாகும்வரை காலி செய்யவில்லை. எப்படிப்பட்ட ஊர் என்பது புரிந்திருக்கும். அமைதி, நல்ல காற்று, வசதியான முதியவர்கள்.

முதியவர்களை மட்டும் நம்பிச் சுற்றுலாத் தொழில் ஓடாது. 1960-களில் ஐரோப்பிய இளைஞர்கள் வெயிலடிக்கும் கடற்கரைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலரையாவது இந்த ஏரிக்கரைக்குத் திருப்ப வேண்டும் என்பது ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தின் கணக்கு. 1961-லிருந்தே அங்கே 'தங்க ரோஜா' என்ற தொலைக்காட்சி விழா நடந்துவந்தது. ஐரோப்பாவின் தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்கள் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்து போட்டிக்கு வைக்கும் விழா. கேமராவும் கேபிளும் இசைக்குழுவும் அந்த ஊருக்குப் பழகியது அந்த விழாவால்தான். பின்னால் இது பெரிதாக உதவப்போகிறது.

அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர் க்ளோட் நோப்ஸ். 1936-ல் அதே ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா ரொட்டிக்கடைக்காரர், அம்மா செவிலியர். மகன் முறையாகச் சமையல் பயின்று, ஹோட்டல் தொழிலைக் கற்று, பிறகு சுற்றுலாப் பக்கம் வந்தவர். இசைப் பைத்தியம். 1964-ல் தங்க ரோஜாவுக்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை மோன்ட்ரூவுக்கு வரவழைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அவர்கள் பிரிட்டனுக்கு வெளியே வாசிக்க வந்த முதல் சந்தர்ப்பம் அது. ஊரில் யாருக்கும் அந்தப் பையன்களைத் தெரியாது என்பதால் டிக்கெட்டுகளைத் தெருவில் நின்று இலவசமாகக் கொடுத்ததாக நோப்ஸ் பிற்காலத்தில் சிரித்துச் சொல்வார்.

அலுவல் காரணமாக நியூயார்க் போனபோது, முன் அனுமதி எதுவும் இல்லாமல் நேராக அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்து, நெசுஹி எர்டெகுனைப் பார்க்க வேண்டும் என்று நின்றார் அவர். ஜான் கோல்ட்ரேன், சார்லஸ் மிங்கஸ் போன்ற ஜாஸ் மேதைகளைப் பதிவு செய்த மனிதர் நெசுஹி. முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் குமாஸ்தாவை அவர் ஏன் உள்ளே விட்டார்? ஒரு தற்செயல் கை கொடுத்தது. நெசுஹியின் தந்தை துருக்கியத் தூதர். 1920-களில் அவர் சுவிட்சர்லாந்தில் பணியாற்றியதால் மகனின் சிறு வயது கொஞ்சம் அங்கே கழிந்திருந்தது. பிரெஞ்சும் சரளமாகப் பேசுவார். அன்று தொடங்கிய நட்புதான் அடுத்த பல ஆண்டுகளுக்கு அட்லாண்டிக் நிறுவனத்துக் கலைஞர்களை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மூன்று நாள், பத்தாயிரம் பிராங்க்

ஜாஸுக்கு விழா எடுப்பது 1967-ல் ஒன்றும் புதுமையல்ல. பிரான்சின் நீஸ் நகரம் 1948-லேயே லூயி ஆம்ஸ்ட்ராங்கை அழைத்து விழா நடத்தியிருந்தது. அமெரிக்காவின் நியூபோர்ட் விழா 1954-ல் தொடங்கியது. பிரெஞ்சுக் கடற்கரையின் ஜுவான்-லே-பான் 1960-ல். அழகான ஒரு கோடைவாசஸ்தலம், திறந்த மனதுள்ள சில புரவலர்கள், நல்ல இசை என்ற அச்சு தயாராக இருந்தது. நோப்ஸ் அதை எடுத்துக்கொண்டார்.

கூட இருவர். ஒருவர் ரெனே லாங்கெல், பத்திரிகையாளர். இன்னொருவர் ஜியோ வூமார், வானொலியில் இருந்த பியானோ கலைஞர். வூமாரின் பெயரை ஜாஸ் ரசிகர்கள் மறந்திருக்கலாம். யூரோவிஷன் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். 1956-ல் நடந்த முதல் யூரோவிஷன் போட்டியில் சுவிட்சர்லாந்துக்கு வெற்றி தேடித்தந்த பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் அவர்தான். ஆக, ஜாஸ் விழாவின் நிறுவனர் மூவரில் ஒருவர் பாப் பாட்டுப் போட்டியில் ஜெயித்தவர். 'தூய்மை' பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் விழா 1967 ஜூன் 16 முதல் 18 வரை, ஏரிக்கரை கேசினோவில். மொத்த நிதி 10,000 சுவிஸ் பிராங்க். ஐரோப்பிய நாட்டுக் குழுக்களுக்கு இடையே ஒரு போட்டி, அதற்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்த சார்லஸ் லாயிட் நால்வர் குழு. அந்தக் குழுவில் பியானோவில் இருந்தவர் கீத் ஜாரெட், டிரம்ஸில் ஜாக் டிஜானெட். இருவருக்கும் அப்போது வயது 25-ஐத் தாண்டவில்லை. சில ஆண்டுகளில் இருவரும் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குப் போய், பிறகு தங்கள் பெயரிலேயே தலைமுறைகளைப் பாதித்தவர்கள்.

டிஜானெட் அடுத்த ஆண்டே திரும்பி வந்தார், இந்த முறை பில் எவான்ஸின் மூவர் குழுவோடு. 1968 ஜூனில் நடந்த அந்தக் கச்சேரி இசைத்தட்டாக வெளிவந்து கிராமி விருது வாங்கியது. தட்டைப் போட்டால் முதலில் கேட்பது பியானோ அல்ல, பிரெஞ்சில் குழுவை அறிமுகம் செய்யும் ஜியோ வூமாரின் குரல். அட்டையில் ஷியோன் கோட்டை. சுற்றுலா அலுவலகம் காசு கொடுத்து விளம்பரம் செய்திருந்தாலும் இப்படி அமைந்திருக்காது. விருது வாங்கிய ஒரு ஜாஸ் தட்டின் அட்டையாக ஊர்க் கோட்டையின் படம் உலகம் முழுக்கக் கடைகளில் தொங்கியது.

1969-ல் நடந்தது இன்னும் சுவாரசியம். பியானோ கலைஞர் லெஸ் மெக்கான் தன் குழுவோடு வந்திருந்தார். சாக்ஸஃபோன் கலைஞர் எடி ஹாரிஸ் தனியாக வந்திருந்தார். இருவரையும் சேர்த்து வாசிக்க வைக்கலாமே என்று யோசனை. ஐரோப்பாவில் குடியேறியிருந்த பென்னி பெய்லியும் டிரம்பெட்டோடு சேர்ந்துகொண்டார். ஒத்திகை கிடையாது. சில பாட்டுகளை மேடை ஏறிய பிறகுதான் கேட்கிறார்கள். அந்தத் தடுமாற்றம் பதிவில் வேறு விதமாகக் கேட்கிறது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு, அடுத்தவர் எங்கே திரும்புகிறார் என்று பார்த்துப் பார்த்து வாசிக்கும் ஒரு விறுவிறுப்பு. வியட்நாம் போரைக் குத்திக்காட்டும் பாட்டொன்றோடு தொடங்கும் அந்தத் தட்டு, ஜாஸ் தட்டுகளுக்குப் பழக்கமில்லாத அளவில் விற்றுத் தள்ளியது. தலைப்பு 'ஸ்விஸ் மூவ்மென்ட்'. சுவிஸ் கைக்கடிகாரத்தின் உட்பொறிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

மூன்றே ஆண்டில் நோப்ஸுக்கு ஒன்று விளங்கிவிட்டது. கச்சேரி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைக் கேட்டவர்கள் சில நூறு பேர், மிஞ்சினால் ஆயிரம் பேர். பதிவு மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். 'லைவ் அட் மோன்ட்ரூ' என்ற மூன்று சொற்கள் ஒரு முத்திரையாகத் தொடங்கியது அப்போதுதான்.

எரிந்தது கேசினோ, எழுந்தது ஸ்டூடியோ

1971 டிசம்பர் 4. இது கோடை விழாவுக்குள் வராது. நோப்ஸ் மற்ற மாதங்களிலும் கச்சேரிகள் ஏற்பாடு செய்துவந்தார். அன்று கேசினோவில் ஃப்ராங்க் ஸாப்பாவின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்த யாரோ ஒருவர் எரியொளித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கூரை பற்றிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தும், கிடைத்த வழியிலும் ஆட்கள் வெளியேறினார்கள். நோப்ஸும் உள்ளே போய் ஆட்களை இழுத்துவந்தார். ஒருவரும் சாகவில்லை. கேசினோ மட்டும் மிஞ்சவில்லை.

அதே கேசினோவில் ஆல்பம் பதிவு செய்வதற்காக நடமாடும் ஒலிப்பதிவு வண்டியோடு வந்து காத்திருந்த டீப் பர்ப்பிள் ராக் குழுவினர், ஏரியின் மேல் புகை படர்வதைப் பார்த்தார்கள். பதிவு செய்ய இடம் இல்லாமல் அலைந்து, குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரங்களில் வேலையை முடித்தார்கள். நடந்ததை அப்படியே சொல்லும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற பாட்டும் அதில் சேர்ந்தது. கிதார் வாங்கிய ஒவ்வொரு பையனும் முதல் வாரத்தில் வாசித்துப் பார்க்கும் அந்தத் தொடக்க இசைத்துணுக்கு இந்தத் தீயில் பிறந்தது. பாட்டின் வரிகளில் நோப்ஸின் பெயரும் இருக்கிறது.

இந்தக் கதையை எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. அதே 1971-ல், ஐந்து மாதம் முன்னால், ஜூலையில், நியூபோர்ட் விழாவில் வெளியே நின்ற கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து மேடையை நாசமாக்கியது. விழா பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு நியூபோர்ட் விழா தன் ஊரையே விட்டு நியூயார்க்குக்குப் போய்விட்டது. திரும்பி வந்தது 1981-ல்தான். ஜாஸ் உலகின் இரண்டு பெரிய விழாக்கள் ஒரே ஆண்டில் கூரையை இழந்தன. ஒன்று ஊரை விட்டது. மற்றது விடவில்லை. காரணம் எளிது. நியூபோர்ட் நகரத்துக்கு அந்த விழா ஒரு தொந்தரவாகிவிட்டிருந்தது. மோன்ட்ரூவுக்கு அது ஊரின் சொந்தத் தொழில். ஊர் எரிந்த கேசினோவை மறுபடி கட்டியது. 1975-ல் அது திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விழா வேறு கூரைகளின் கீழ் தொடர்ந்தது.

புதிய கேசினோவுக்குள் ஓர் ஒலிப்பதிவுக் கூடமும் சேர்ந்தே வந்தது: மவுன்டன் ஸ்டூடியோஸ். மேடையிலிருந்து கேபிள் இழுத்தால் போதும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பிடித்து, பிறகு நிதானமாகக் கலவை செய்யலாம். திறந்தவெளியில் வண்டியை நிறுத்திப் பதிவு செய்கிற விழாக்களுக்குக் கிடைக்காத வசதி. 1970-களின் நடுவிலிருந்து மோன்ட்ரூ பதிவுகள் ஏன் ஸ்டூடியோத் தரத்தில் கேட்கின்றன என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

குவீன் ராக் குழு 1978-ல் இந்த ஸ்டூடியோவில் வேலை செய்து, அடுத்த ஆண்டு அதை விலைக்கே வாங்கியது. 1978-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'ஜாஸ்'. அதில் ஜாஸ் கிடையாது. ஊர் ராசி போலிருக்கிறது.

யார் யாரோ வந்தார்கள்

1970-ல் ஸன்டானா வந்தார், 1971-ல் அரீதா ஃப்ராங்க்ளின். 1978-ல் பிரேசிலின் ஜில்பெர்டோ ஜில், மறு ஆண்டு எலிஸ் ரெஜினா. ஜாஸ்காரர்களையும் ஒதுக்கிவிடவில்லை. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1975-லும் 1977-லும் கவுன்ட் பேஸி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஆஸ்கர் பீட்டர்சன் என்று ஒரு படையையே கூட்டிவந்து, தன் பாப்லோ நிறுவனத்துக்கு வரிசையாக ஆல்பங்கள் பதிவு செய்து எடுத்துப் போனார். விழாவுக்கு வந்தாரா, அறுவடைக்கு வந்தாரா என்று கேட்கத் தோன்றும். இரண்டும்தான். நோப்ஸும் 1973-லிருந்து ஒரு பெரிய அமெரிக்க இசைத்தட்டுக் குழுமத்தின் சுவிஸ் கிளையில் பொறுப்பு வகித்தார். விழா நடத்துகிறவரே தட்டு விற்கிறவராகவும் இருந்தது இன்று பலருக்கு உறுத்தும். அன்று யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

1976-ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஜூலையில் நீனா சிமோன் மேடை ஏறினார். அமெரிக்காவின் மேல் கசந்துபோய் லைபீரியாவுக்குக் குடிபோயிருந்த காலம். படப்பதிவில் பார்க்கலாம்: வந்ததும் ஆழமாகக் குனிந்து வணங்குகிறார், நிமிர்ந்து, ஒன்றும் பேசாமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கைத்தட்டல் தானாக அடங்கி, அடங்கியது சங்கடமாக மாறும்வரை நிற்கிறார். பிறகு ஒரு பாட்டின் நடுவே, அரங்கில் எழுந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து உட்காரச் சொல்கிறார். அதட்டல்தான், திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்தப் பெண் உட்கார்ந்த பிறகுதான் பாட்டு தொடர்கிறது. வேறு எந்த விழாவிலாவது நடந்திருந்தால் இது வாய்வழி வதந்தியாக, ஆளுக்கொரு விதமாகப் பேசப்பட்டிருக்கும்.

அதே ஆண்டு, அதே விழாவில் 'சக்தி' குழு. இரண்டே ஆண்டுக்கு முன் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் இதே ஊரில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவோடு, மின்கிதாரும் பெரிய குழுவுமாக அரங்கை அதிர வைத்திருந்தார். 1976-ல் அவர் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் அகௌஸ்டிக் கிதார். அதன் ஒலித்துளைக்குக் குறுக்கே தம்புரா போல ஒலிக்கும் கூடுதல் தந்திகள். வீணையில் போல கமகம் இழுக்க வசதியாக, மெட்டுகளுக்கு இடையே குடைந்தெடுத்த விரல்பலகை. பக்கத்தில் வயலினோடு எல்.சங்கர், தபலாவோடு ஜாகிர் உசேன். மடியில் கடத்தோடு விக்கு விநாயக்ராம்.

கடம் என்பது ஒரு பானை. அதன் வாயை வயிற்றோடு சேர்த்து அழுத்தியும் விலக்கியும்தான் அடிநாதத்தைக் கொண்டுவர வேண்டும். அந்த ஒலியை மைக்கில் பிடிப்பதே தனி வித்தை. வயிற்றுப் பக்கம் தப்பித்துப்போகும் கும்காரத்தை விட்டுவிட்டால் மேலே வெறும் டக்டக் சத்தம்தான் மிஞ்சும். மோன்ட்ரூ பதிவில் அந்தக் கும்காரம் இருக்கிறது. கிதாரும் வயலினும் மின்னல் வேகத்தில் ஒன்றை ஒன்று துரத்தும்போது, கடமும் தபலாவும் கேள்வி பதிலாகக் கோர்வைகளைப் பரிமாறிக்கொள்கின்றன. தாள விவகாரம் தெரிந்த நம்மவர்கள் கேட்டால் தனி ஆவர்த்தனம் என்பார்கள். அங்கிருந்தவர்களுக்கு அது இம்ப்ரொவைசேஷன். இது ஜாஸா என்று அன்றும் கேட்டிருப்பார்கள். சக்தி மறு ஆண்டும் அழைக்கப்பட்டது.

இத்தனை பேர் ஏன் வந்தார்கள்? காசு ஒரு காரணம் என்றால், காசு கொடுக்கிற விழாக்கள் நிறைய உண்டு. ஊருக்கு மேலே கோ என்ற மலைக்கிராமத்தில் நோப்ஸின் மரவீடு இருந்தது. பொம்மை ரயில்கள், ஆயிரக்கணக்கான தட்டுகள், கீழே முழு ஏரியும் தெரியும் ஜன்னல். அங்கே அவரே அடுப்பு முன் நின்று சமைத்துக் கலைஞர்களுக்குப் பரிமாறுவார். ஊர் ஊராகப் பேருந்தில் போய், மேடைக்குப் பின்னால் ஆறிப்போன சாப்பாட்டைத் தின்று பழகியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசித்துவிட்டு மறுநாளே கிளம்ப வேண்டியவர்கள் தங்கினார்கள். தங்கியவர்கள் இன்னொருவர் கச்சேரியில் ஏறிக் கூட வாசித்தார்கள். மோன்ட்ரூவின் எதிர்பாராத கூட்டணிகள் பலவற்றுக்கு விதை போட்டது அந்தச் சாப்பாட்டு மேசை. நோப்ஸே ஹார்மோனிக்காவை எடுத்துக்கொண்டு மேடைக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. அதை எல்லாரும் ரசித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு போட்டவரை யார் தடுப்பது?

சுவரொட்டிகளிலும் இதே தாராளம்தான். 1982-ல் ஜான் டிங்குவெலி, 1983-ல் கீத் ஹேரிங், 1986-ல் ஹேரிங்கும் ஆண்டி வார்ஹோலும் சேர்ந்து, 1995-ல் பாடகர் டேவிட் போவி என்று விழாவுக்குச் சுவரொட்டி வரைந்தவர்களின் பட்டியல் ஒரு நவீன ஓவியக் கண்காட்சி போல இருக்கும்.

மைல்ஸ் திரும்பிப் பார்த்த இரவு

மைல்ஸ் டேவிஸ் மோன்ட்ரூவுக்கு முதலில் வந்தது 1973-ல். 1984-லிருந்து ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்தார். பழையதைத் திரும்ப வாசிக்க மாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். 1950-களின் இறுதியில் கில் எவான்ஸின் இசைக்கோர்ப்பில், பெரிய வாத்தியக்குழுவோடு அவர் செய்த ஆல்பங்களை மேடையில் மீண்டும் கேட்க ரசிகர்கள் ஏங்கினார்கள். அவர் மசியவில்லை. கில் எவான்ஸ் 1988-ல் காலமானார்.

1991-ல் மைல்ஸை மசிய வைத்தவர் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸ். அந்த ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் நோப்ஸோடு சேர்ந்து விழாவை நடத்த வந்திருந்தார். இரண்டு வாத்தியக்குழுக்களை ஒன்றாக்கி மேடையை நிறைத்து, குயின்ஸி நடத்த, ஜூலை 8-ம் தேதி இரவு மைல்ஸ் பழைய இசையை வாசித்தார். உடம்பு சரியில்லை. பக்கத்தில் வாலஸ் ரோனி என்ற இளம் டிரம்பெட் கலைஞர் நின்று, கடினமான இடங்களைத் தான் ஏற்று, மைல்ஸுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்துக்கொண்டே வந்தார். பதிவை உன்னித்துக் கேட்டால் இரண்டு டிரம்பெட்டுக்கும் நடுவே வாக்கியம் கைமாறும் இடங்கள் தெரியும். மைல்ஸின் சுருதி சில இடங்களில் நடுங்குகிறது. பழைய தட்டுகளின் பளபளப்பை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான். ஆனாலும் அவர் மெல்லிய ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும்போது பின்னால் அத்தனை வாத்தியங்களும் சிறுத்துப்போகின்றன.

அந்த செப்டம்பர் 28-ம் தேதி மைல்ஸ் இறந்தார். வயது 65.

கேசினோவை விட்டு

1993-ல் விழாவின் மையம் கேசினோவிலிருந்து ஊரின் மாநாட்டு மையத்துக்கு மாறியது. ஸ்ட்ராவின்ஸ்கி பெயரில் சுமார் 4,000 பேர் நிற்கக்கூடிய அரங்கம், மைல்ஸ் டேவிஸ் பெயரில் இன்னொன்று. மூன்று நாள் விழா இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டது. கரை நெடுக இலவச மேடைகள் முளைத்தன. வந்துபோவோர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

ஜாஸ் ஏன் குறைந்தது என்பதற்கு இந்த அரங்கத்தின் அளவே பெரும்பாலும் பதில். ஒரு பியானோ மூவர் குழுவுக்கு அறுநூறு பேர் வந்தால் கொண்டாட்டம். 4,000 பேர் கொள்ளும் கூடத்தில் அதே அறுநூறு பேர் என்றால் நஷ்டம். பெரிய கூடத்தை நிரப்ப பெரிய பெயர் வேண்டும். பெரிய பெயர்கள் ராக்கிலும் பாப்பிலும்தான் இருக்கின்றன. அந்த வருமானத்தில் சிறிய கூடத்தில் ஜாஸ் நடக்கும். தூய்மைவாதிகளின் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் சிறிய கூடத்துக்கு வரிசையில் நிற்கிற கட்சிதான். ஆனால் பெரிய கூடம் இல்லாமல் சிறியது பிழைத்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பனிச்சறுக்கில் விழுந்த நோப்ஸ், நினைவு திரும்பாமலே 2013 ஜனவரி 10-ம் தேதி இறந்தார். அவருடன் வேலை பார்த்துவந்த மத்தியூ ஜாத்தோன் பொறுப்பேற்றார். ஒருவரின் சமையலறையில் வளர்ந்த விழா அவரோடு போய்விடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. 2020-ல் பெருந்தொற்றால் நின்றது. 2021-ல் ஏரிக்குள்ளேயே மேடை கட்டினார்கள். மாநாட்டு மையத்தில் சீரமைப்பு வேலை நடந்ததால் 2024-லும் 2025-லும் பெரிய மேடை மறுபடி தண்ணீருக்குப் போனது.

நாடாக்கள்

நோப்ஸ் விட்டுப்போனதில் மதிப்பு மிக்கது மலைவீட்டின் அடியில், பதுங்கறை போன்ற அறையில் அடுக்கியிருந்த ஒளிநாடாக்களும் ஒலிநாடாக்களும். 5,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள். தொடக்கத்தில் சுவிஸ் தொலைக்காட்சி வந்து படம் பிடித்தது. தங்க ரோஜா பழக்கிய கை. பிறகு அந்தந்தக் காலத்தில் எது சிறந்த கருவியோ அதை வாங்கிப் பதிவு செய்வது நோப்ஸின் வெறியானது. உயர்துல்லியத் தொலைக்காட்சி வீடுகளுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1991-லேயே இங்கே அந்த முறையில் படம் பிடித்தார்கள். மைல்ஸின் கடைசி மோன்ட்ரூ இரவு அவ்வளவு தெளிவாக இன்று கிடைப்பதும் அதனால்தான்.

கருவி மாற மாற நாடா வடிவமும் மாறியது. நாடா இருக்கும், அதை ஓட்டும் இயந்திரம் இருக்காது. இயந்திரம் கிடைத்தால் நாடாவின் பசை ஈரம் உறிஞ்சி இளகி, ஓட்டும்போதே உரியத் தொடங்கும். அப்படிப்பட்ட நாடாக்களை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் உலர வைத்து, ஒருமுறை ஓட்டி, அந்த ஓட்டத்திலேயே பிரதி எடுத்துவிட வேண்டும். லோசான் நகரத்திலுள்ள சுவிஸ் மத்தியத் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து, 2010 வாக்கில் மொத்தத் தொகுப்பையும் எண்ணிம வடிவுக்கு மாற்றும் வேலை தொடங்கியது. நோப்ஸ் இறந்த அதே 2013-ல் யுனெஸ்கோ இந்தத் தொகுப்பை 'உலக நினைவுப் பதிவேட்டில்' சேர்த்தது.

எல்லாவற்றையும் பதிவு செய்வது என்றால் நல்லதை மட்டும் அல்ல. 1982 ஜூலை 17. டெக்சாஸிலிருந்து வந்த ஸ்டீவி ரே வான் என்ற 27 வயதுக் கிதார் கலைஞர். இசைத்தட்டு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஒரு தயாரிப்பாளர் நோப்ஸிடம் சொன்ன நல்வார்த்தைதான் அவரைக் கொண்டுவந்தது. அடக்கமான ப்ளூஸ் கேட்க உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு அவருடைய வாசிப்பு காதில் அறைந்தது போல இருந்தது. ஒரு பகுதியினர் கூச்சல் போட்டு விரட்டினார்கள். மனம் நொந்து மேடையிறங்கினார்.

அவர் வாசித்ததைக் கேட்டிருந்தவர்களில் டேவிட் போவி ஒருவர். தன் அடுத்த ஆல்பத்துக்குக் கிதார் வாசிக்க அழைத்தார். அந்தப் பயணத்தில் பழக்கமான பாடகர் ஜாக்ஸன் பிரவுன் லாஸ் ஏஞ்சலஸிலிருந்த தன் ஸ்டூடியோவை இலவசமாகக் கொடுத்தார். வானின் முதல் ஆல்பம் அங்கே உருவானது. அன்றிரவு அவர் வாசித்ததில் ஒரு பாட்டு, அந்த ஆண்டின் மற்ற ப்ளூஸ் பதிவுகளோடு சேர்ந்து அட்லாண்டிக் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்றது. தொகுப்புக்கு 1985-ல் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு கோடையில் வான் மோன்ட்ரூவுக்குத் திரும்ப வந்து வாசித்தார்.

இரண்டு கச்சேரிகளும் இப்போது ஒரே வெளியீடாகக் கிடைக்கின்றன. 1982-ஆம் ஆண்டுக் கூச்சலை யாரும் வெட்டி எடுக்கவில்லை. ஒரு பாட்டு முடிகிறது, கைத்தட்டல் வருகிறது, அதற்கு மேலே ஏறி அந்தக் கூச்சல் வருகிறது. வான் அடுத்த பாட்டைத் தொடங்குகிறார்.